குவாத்தமாலா சிட்டியில் வண்டி ஓட்டிய அனுபவம்: சோனா எண்களும் பள்ளத்தாக்குகளும்

உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த குடும்பத்திலிருந்து இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்ததும் அந்த வழியில்தான். காய் விளைவது வடக்கே ஆல்தா வெராபாஸ் மலைகளில். வங்கி, சுங்கம், கப்பல் ஏஜென்ட் என்று காகித வேலை நடப்பது தலைநகரில். ஆகவே பல வருடங்களாக இந்த நகரத்தின் சாலைகளில்தான் என் பகல் பொழுதில் பாதி போகிறது. வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வரப்போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம், அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவதுதான் கஷ்டம்.

கண்டுபிடிப்பதைப் பற்றி முதலில். நகராட்சி எல்லை முழுவதும் சோனா எனப்படும் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் தெரு அவெனிதா, கிழக்கு மேற்காகப் போவது காயே. சில பெரிய சாலைகளைத் தவிர இரண்டுக்கும் பெயர் கிடையாது, எண்தான். உதாரணத்துக்கு ‘12 காயே 3-40, சோனா 10’ என்று ஒரு முகவரி கொடுத்தால், 10ஆம் சோனாவுக்குப் போய், 12ஆம் காயேயில் திரும்பி, 3ஆம் அவெனிதா குறுக்கிடும் மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி அந்த வாசல். எண் இரட்டைப்படை என்றால் ஒரு பக்கம், ஒற்றைப்படை என்றால் எதிர்ப்பக்கம். யாரையும் கேட்க வேண்டாம். கோயிலுக்குப் பின்னால், டீக்கடைக்கு எதிரே என்று அடையாளம் சொல்ல வேண்டாம். போனில் சார்ஜ் தீர்ந்துபோய் மூலைச் சுவரில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து, அடி எண்ணி நடந்து, சரியான கதவைத் தட்டியிருக்கிறேன். நான் வாழ்ந்த ஊர்களிலேயே இதற்கு ஈடான முகவரி முறை வேறெதுவும் இல்லை.

இதை வடிவமைத்தவர் ராவுல் அகிலார் பாத்ரெஸ் என்ற பொறியாளர். நகரின் தென்பகுதிக்குப் போகும் பெரிய சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், பொருத்தமான மரியாதை. பழைய மையமான சோனா 1இல் தொடங்கி எண்கள் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. வடக்கே 2, மேற்கே 3, தெற்கே 4, கிழக்கே 5, மறுபடி வடக்கே 6, மேற்கே 7. இந்தச் சுருள் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் எண்ணைக் கேட்டதுமே திசை தெரிந்துவிடும். கடைசி எண் 25. ஆனால் மொத்தம் 22 சோனாக்கள்தான் இருக்கின்றன. 20, 22, 23 கிடையாது. அந்த எண்கள் விழ வேண்டிய நிலம் பக்கத்து நகராட்சிகளுக்குச் சேர்ந்தது. சோனா 4 மட்டும் கொஞ்சம் தலை சுற்ற வைக்கும். அங்கே தெருக்கள் மூலைவிட்டமாக ஓடுகின்றன, பெயரும் ரூத்தா, வீயா என்று மாறிவிடும். சின்ன இடம் என்பதால் சீக்கிரம் பழகிவிடும்.

இனி போய்ச் சேரும் கதை. நகரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், எரிமலைச் சாம்பல் படிந்த மேட்டு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1773இல் நிலநடுக்கம் பழைய தலைநகரான ஆன்டிகுவாவைச் சிதைத்த பிறகு, 1776இல் இங்கே மாற்றிக் கட்டினார்கள். அன்றைய சின்ன ஊருக்கு இந்த மேடு தாராளமாகப் போதும். ஊர் பெருத்தபோது நாலாபக்கமும் பள்ளத்தாக்கு குறுக்கே வந்தது. பார்ராங்கோ என்று இங்கே சொல்லும் இந்தப் பள்ளங்கள் செங்குத்தாக இறங்கும், அடியில் ஓடையும் காடுமாக இருக்கும். கட்டம் போட்ட தெருக்கள் பள்ளத்தின் விளிம்போடு நின்றுவிடும், எதிர்க்கரையில் வேறொரு சோனாவின் எண் தொடங்கும்.

தேனியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் சோனா 2இலிருந்து போன் செய்தார். “அண்ணே, சோனா 7 மேப்புல எதிர்த்தாப்லதான் இருக்கு. நடந்தே போயிடலாம் போலயே?”

“நடுவுல பள்ளம்ப்பா. இன்சியென்சோ பாலத்தைப் பிடிச்சு வா. அங்க அடைச்சிருந்தா எல் த்ரேபோல் சந்திப்பைச் சுத்தித்தான் வரணும்.”

நகரம் முழுவதும் இந்தக் கதைதான். இரண்டு சோனாக்கள் அருகருகே இருக்கின்றனவா என்று பார்ப்பதில் பயனில்லை. இரண்டையும் இணைக்க எத்தனை பாலம், அதில் எத்தனை லேன் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதில் ஒரு லாரி நின்றுபோனால் அன்றைய நாள் போயிற்று.

பெரிய சாலைகளின் அமைப்பைப் புரிந்துகொண்டால் நெரிசலின் காரணமும் புரியும். இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் நகரத்துக்கு உள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. ஒன்று சி.ஏ.-1, அதாவது மெக்ஸிகோ எல்லையிலிருந்து எல் சால்வடோர் வரை போகும் பான் அமெரிக்க நெடுஞ்சாலை. மேற்கிலிருந்து ரூஸ்வெல்ட் சாலையாக நுழைந்து, எல் த்ரேபோல் சந்திப்பைத் தாண்டி, லிபெராசியோன் புலெவாராக (புலெவார் என்றால் அகலமான சாலை) ஒபெலிஸ்கோ என்ற நினைவுத்தூண் சந்திப்புக்கு வந்து, லோஸ் ப்ரோசெரெஸ் புலெவாராகக் கிழக்கே ஏறுகிறது. மற்றொன்று சி.ஏ.-9. தெற்கே பசிபிக் துறைமுகத்திலிருந்து பக்கத்து நகராட்சியான வியா நுவேவா வழியாக வந்து, நகரத்தைக் கடந்து, வடகிழக்கே பெலிசே பாலம் வழியாக அட்லாண்டிக் துறைமுகத்துக்குப் போகிறது. இரண்டுக்குமே நகரைச் சுற்றிப் போக முழு வட்டச் சாலை கிடையாது. பெரிஃபெரிகோ என்று பெயர் வைத்திருக்கும் சாலை மேற்குப் பக்கம் மட்டும் வளைந்து போய், சான் கார்லோஸ் பல்கலைக்கழகம் இருக்கும் சோனா 12 அருகே முடிந்துவிடுகிறது. கிழக்குப் பாதி கட்டப்படவே இல்லை. நாட்டின் சரக்கும், ஊர் மக்களின் காலை வேலைப் பயணமும் ஒரே சாலையில் மோதிக்கொள்வது இதனால்தான்.

ரூஸ்வெல்ட் சாலை அகலமானது, ஆனால் மேற்கே பக்கத்து நகராட்சியான மிக்ஸ்கோவிலிருந்து வரும் மொத்தக் கூட்டத்தையும் அதுவும் சான் ஹுவான் சாலையும்தான் தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆன்டிகுவா போகிற வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கமே போவதில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் மிராஃப்ளோரெஸ் பக்கம் சாலையோரமாக ஒரு புல்மேட்டைப் பாருங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய காமினால்ஹுயு என்ற மாயா நகரத்தின் மிச்சம் அது. லிபெராசியோன் புலெவார் பக்கம் போனால் காலனிக் காலத்துக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் தெரியும். அதற்கு அடியில் இருக்கும் நீண்ட மண்மேடு அதைவிடப் பழையது, ஸ்பானியர் வருவதற்கு முன்பே கட்டியது.

கிழக்கே எல் சால்வடோர் சாலை மேலேறிப் போகும் இடத்தில் வசதியானவர்களின் குடியிருப்புகள். காற்று சுத்தம், குளிர்ச்சி. ஆனால் காலையில் இறங்கவும் மாலையில் ஏறவும் ஏறக்குறைய அந்த ஒரு வழியை நம்பித்தான் அத்தனை வீடுகளும் கட்டியிருக்கிறார்கள். ரெஃபோர்மா அவெனிதாவும் அதன் தொடர்ச்சியான லாஸ் அமெரிக்காஸும் எனக்கு மிகவும் பிடித்தவை. நடுவில் மரம் அடர்ந்த தீவு, இருபுறமும் நிழல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுவார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் தவற விடாதீர்கள்.

என் தொழிலுக்கு முக்கியமானது பெலிசே பாலம். ஆல்தா வெராபாஸின் தலைநகரான கோபானிலிருந்து வரும் லாரிகள் எல் ராஞ்சோவில் அட்லாண்டிக் சாலையைப் பிடித்து, சுமார் 85 கிலோமீட்டர் ஓடி, சோனா 18 வழியாக இந்தப் பாலத்துக்கு வந்து சேரும். லாஸ் வாகாஸ் ஆற்றுப் பள்ளத்தின் மேல் நிற்கும் பழைய பாலம், பக்கத்திலேயே ரயில் ஓடாமல் நிற்கும் உயரமான ரயில் பாலம். வடகிழக்குச் சோனாக்களில் வாழும் லட்சக்கணக்கானவர்கள் மையத்துக்கு வர இதை விட்டால் நல்ல வழி குறைவு. நெரிசல் நேரத்தில் கனரக லாரி நகருக்குள் நுழையத் தடை. எனவே லாரிகள் சோனா 18 பக்கம் வரிசையாக நின்று நேரம் பார்க்கும். டிரைவர் கேபினில் இருந்து இறங்கி, தார்ப்பாயை ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டு, தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி சுடும் அம்மாவிடம் நாலு வாங்கிச் சாப்பிடுவார். மழைக்காலத்தில் இந்தக் காத்திருப்புதான் என் கவலை. காய்ந்த ஏலக்காய் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும், பச்சை நிறம் மங்கினால் விலையும் போய்விடும். அவசரச் சரக்கை நான் எப்போதும் இரவில்தான் வரச் சொல்வேன்.

கார் இல்லாதவர்களுக்கு டிரான்ஸ்மெட்ரோ. 2007 பிப்ரவரியில் தெற்கே அகிலார் பாத்ரெஸ் சாலையில் முதல் தடம் தொடங்கியது, 2010இல் மையப் பகுதிக்கும் வந்தது. தனி லேன், நீளமான இணைப்புப் பேருந்து, நிலையத்தில் காவலர். பழைய சிவப்புப் பேருந்துகளின் ஓட்டுநர்களிடம் கும்பல்கள் மாமூல் கேட்டுச் சுட்டுக் கொன்ற நகரம் இது. அந்தப் பயம் இல்லாமல் ஏறி இறங்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். நான் ஏறத் தொடங்கிய காலத்தில் கட்டணம் இந்த நாட்டு நாணயத்தில் 1 கெட்சால். காலையில் நிற்க இடம் கிடைக்காது, ஆனால் தனி லேனில் போவதால் பக்கத்தில் நிற்கும் கார்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதன் தடம் இருக்கும் சோனாவில் அலுவலகம் அமைந்தால் காரே வேண்டாம்.

மே முதல் அக்டோபர் வரை மழை. பிற்பகலில் கொட்டித் தீர்க்கும். அடியில் இருக்கும் சாம்பல் மண்ணைக் கசியும் சாக்கடை அரித்துக்கொண்டே இருப்பதால், நிலம் திடீரென்று உள்வாங்கும் ஆபத்து உண்டு. 2007இல் சோனா 6இலும், 2010 மே மாதம் அகாதா புயலின்போது சோனா 2இலும் விழுந்த பள்ளங்களின் படங்களை உலகமே பார்த்தது. இரண்டாவது பள்ளம் சுமார் 20 மீட்டர் அகலம். 2022இல் வியா நுவேவாவில் சி.ஏ.-9இன் 15ஆம் கிலோமீட்டரில் சாலையே உள்வாங்கியது. சாலையில் புதிதாக நீளமான விரிசலோ தாழ்வோ தெரிந்தால் அலட்சியம் செய்யாமல் உடனே நகராட்சிக்குச் சொல்லுங்கள்.

என் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டைக் காட்டும் இதே எண்தான் ஆளையும் எடைபோடுகிறது. 10, 14, 15 என்றால் ஒரு மரியாதை. 3, 6, 18 என்றால் முகம் மாறும். சில டாக்ஸிகள் இருட்டிய பிறகு அங்கே வராது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சோனா 18 என்று எழுதப் பயந்து சொந்தக்காரர் முகவரியைப் போடுகிறார்கள். எங்கள் கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்களில் பலர் அங்கிருந்துதான் விடியும் முன்பே கிளம்பி, பாலத்து நெரிசலைத் தாண்டி, நேரத்துக்கு வருகிறார்கள். கும்பல் தொல்லை உண்மை, இரவில் கவனம் தேவை. அதற்காக ஒரு எண்ணை வைத்து அத்தனை பேரையும் ஒதுக்குவது அநியாயம். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் முகவரிக் கட்டத்தைப் பார்க்காமல் இருந்தாலே போதும்.

எல்லை தாண்டினால் ஒழுங்கும் தாண்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். குவாத்தமாலா மாவட்டத்தில் 17 நகராட்சிகள். 2018 கணக்கெடுப்பில் தலைநகர நகராட்சிக்குள் 9 லட்சத்துச் சொச்சம் பேர்தான், மாவட்டம் முழுவதும் 30 லட்சம். மிச்சப் பேரில் பெரும் பகுதி மிக்ஸ்கோ, வியா நுவேவா, பெதாபா என்று வெளியே வாழ்ந்து, உள்ளே வந்து போகிறார்கள். மிக்ஸ்கோவுக்குச் சொந்தமாகவே சோனா எண்கள் உண்டு, வியா நுவேவாவுக்கும் உண்டு. எனவே ‘சோனா 4’ என்று மட்டும் யாராவது சொன்னால் எந்த நகராட்சி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நெடுஞ்சாலை ஓரத்து இடங்களுக்குக் கிலோமீட்டர் எண்தான் முகவரி, அதைச் சோனா 1இன் மைய சதுக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் மட்டும் சாலை போடுகிறது, சிக்னல் வைக்கிறது. தினமும் காலையில் ஒரே ஊராக நகரும் இந்தப் பகுதிக்கு ஒரே போக்குவரத்து ஆணையம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீடு தேடுகிறவர்களுக்கு: அலுவலகம் எந்தப் பள்ளத்தாக்கின் எந்தக் கரையில் இருக்கிறதோ அதே கரையில் வீடு பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சோனா 10இல் வேலை என்றால் 9, 13, 14 மூன்றும் ஒரே மேட்டில் இருப்பவை. 15 அழகான இடம், ஆனால் விஸ்தா எர்மோசா புலெவாரின் காலை நேரத்தைக் கணக்கில் எடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், மழை பெய்யும் ஒரு வாரநாளில், காலை ஆறரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.