ஓஷேயா, மில்னரா? எங்கே போட்டாலும் ஆடுகிறவர்கள்

கால்பந்து அணி ஒன்றின் பெஞ்சில், அதாவது மாற்று வீரர்கள் வரிசையில், ஒரே ஓர் இடம்தான் மிச்சம். எந்த இடத்தில் இறக்கினாலும் சமாளிக்கிற ஆள் வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜான் ஓஷேயை எடுப்பீர்களா, லிவர்பூலின் ஜேம்ஸ் மில்னரையா? அந்த இரண்டு கிளப் ரசிகர்களிடம் கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஓஷே 1999 முதல் 2011 வரை யுனைடெட்டுக்கு 393 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 5 பட்டங்கள், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஒன்று. மில்னர் 2015 முதல் 2023 வரை லிவர்பூலில் 332 ஆட்டங்கள். இரண்டு கோப்பையும் தலா ஒன்று. பட்டங்களை எண்ணி இவர்களை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யுனைடெட் மேலாளர் ஃபெர்குசனின் அணியில் நாலு வருஷம் நின்றவர் யாரிடமும் பதக்கம் இருக்கும்.

ஓஷே யார் என்று தெரிய 2007-இல் ஒரு மாதத்தைப் பார்த்தால் போதும். பிப்ரவரியில் டாட்டன்ஹாம் மைதானத்தில் யுனைடெட் 4-0 என முன்னிலை. கோல்கீப்பர் வான் டெர் சாருக்கு மூக்கு உடைந்துவிட்டது. மாற்று வீரர்கள் எல்லாரையும் இறக்கியாயிற்று. கிளவுஸை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனவர் ஓஷே. கொஞ்ச நேரத்தில் ராபி கீன் பந்தோடு தனியாக வந்தார். அயர்லாந்து அணியில் ஓஷேயின் சகா. ஓஷே முன்னால் பாய்ந்து காலடியிலேயே பந்தை மறித்துவிட்டார். மார்ச்சில் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. ரூனிக்குப் பதிலாக இறங்கியிருந்தார், ஸ்கோல்ஸ் சிவப்பு அட்டை வாங்கியதால் யுனைடெட்டில் பத்துப் பேர். கடைசி நிமிடங்களில் லிவர்பூல் கோல்கீப்பர் ரெய்னா தட்டிவிட்ட பந்தை வலைக்குள் அடித்தார், 1-0.

ஆனால் இது என் இடம் என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் நிலைக்கவில்லை. தடுப்பாட்டத்தில் வலப்பக்கம் கேரி நெவில், இடப்பக்கம் எவ்ரா, நடுவே ஃபெர்டினாண்ட், விடிச். யாருக்காவது காயம் என்றால் ஓஷே. காயம் ஆறினால் மறுபடி பெஞ்ச். 2008-இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவரை இறக்கவே இல்லை.

மில்னர் வேறு ரகம். நடுக்கள ஆட்டக்காரராக ஆடத்தான் மான்செஸ்டர் சிட்டியை விட்டு லிவர்பூலுக்கு வந்தார். வலது காலால் ஆடுகிற அவரை 2016-17 சீசன் முழுக்க லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக, நிறுத்தினார் மேலாளர் க்ளாப்! அடுத்த கோடையில் லெஃப்ட் பேக்கான ராபர்ட்சன் வந்ததும் மில்னர் நடுக்களம் திரும்பி, அந்த சாம்பியன்ஸ் லீக் சீசனில் 9 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தார். அப்போது அது சாதனை. 2019-இல் பார்சிலோனாவை 4-0 என்று வீழ்த்திய இரவில் இடைவேளையோடு ராபர்ட்சன் காயத்தால் வெளியேற, மில்னர் லெஃப்ட் பேக்குக்கு நகர்ந்தார். அதனால் நடுக்களத்துக்கு வந்த வைனால்டம் இரண்டு கோல் அடித்தார். கோல் அடித்தவரைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், சரி. இடம் மாறிக்கொடுத்தவரையும் கொஞ்சம் பேசலாமே.

சீசன் முழுக்க ஓர் இடத்தை ஒப்படைக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் மில்னர். அவரைப் பெஞ்சில் உட்காரவைப்பதே வீண். அந்தக் கடைசி இடத்துக்கு என் தேர்வு ஓஷே: உயரமானவர், சென்டர் பேக்காகவும் (தடுப்பின் நடுவே) நிற்பார், தேவைப்பட்டால் கோலுக்குள்ளும் போவார். ஆட்டம் பெனால்டி வரை போகும் என்று தோன்றினால் மட்டும் மில்னரைக் கூப்பிடுவேன்.