பெயரில்லாமல் தொங்கும் ஓவியங்கள்: லண்டன் ராயல் அகாடமியின் கோடைக்காலக் கண்காட்சி

கோடை பிறந்துவிட்டால் லண்டனில் காண வேண்டியவற்றுக்குக் குறைவே இல்லை. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே கட்டணம் கொடுத்துப் போக முடியும் என்றால், பிக்கடில்லியில் உள்ள பர்லிங்டன் ஹவுஸில் ராயல் அகாடமி என்னும் கலைஞர்களின் அமைப்பு நடத்தும் கோடைக்காலக் கலைக் கண்காட்சிக்குத்தான் போகச் சொல்வேன். 1768-இல் தோன்றிய இந்த அகாடமி, மறு ஆண்டு தொடங்கி ஓர் ஆண்டும் விடாமல், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலும்கூட, இதை நடத்தி வந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல், தள்ளிப்போட்டு இலையுதிர் காலத்தில் நடத்தினார்களே தவிர, கைவிடவில்லை.

முறையாகக் கலை பயின்றவரோ பயிலாதவரோ, யார் வேண்டுமானாலும் ஒரு கட்டணம் செலுத்தித் தம் படைப்பை இதற்கு அனுப்பலாம். முதல் சுற்றில் படங்களைத் திரையில் பார்த்துச் சலிக்கிறார்கள். அதில் தேறியவற்றை நேரில் வரவழைத்து, அகாடமி உறுப்பினர்களான கலைஞர்களே அமர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிபவற்றில் ஒரு சிறு பகுதிக்கே சுவரில் இடம் கிடைக்கிறது. உறுப்பினர்களின் படைப்புகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சுவருக்கு வந்துவிட்டால், உலகப் புகழ் பெற்றவரும் ஊர்பேர் தெரியாதவரும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

இந்தக் கண்காட்சியின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. படங்களின் அருகில் பெயர்ப்பலகை இல்லை, விளக்கக் குறிப்பு இல்லை. எண் மட்டுமே உண்டு. வரைந்தவர் யார், தலைப்பு என்ன, விலை எவ்வளவு என்பதையெல்லாம் கையேட்டில் அந்த எண்ணைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற காட்சிக்கூடங்களில் பெயரைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கப் பழகிய நமக்கு, இங்கே முதலில் பிடிக்கிறதா இல்லையா என்று நம் கண்ணே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஓவியம் விவரம் தெரிந்தவர்களுக்கு உரியது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனவே கையேட்டை உடனே திறக்காமல், ஓர் அறையை முழுவதும் சுற்றி வந்தபின் பிரிப்பது நல்லது.

சிறிய படைப்புகளுக்கான அறையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உள்ளங்கை அகலப் பறவை ஒன்று, சமையலறை மேசை ஒன்று, மழை பெய்யும் தெரு ஒன்று எனச் சட்டத்தோடு சட்டம் உரசும்படி நெருக்கமாக மாட்டியிருப்பார்கள். விற்றுப்போன படைப்பின் கீழே சிறு சிவப்புப் பொட்டு ஒட்டப்படும். பல பிரதிகள் கொண்ட அச்சோவியம் என்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பொட்டாகச் சேர்ந்து, மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சுவரே காட்டிவிடும். இந்த வருவாய் அகாடமியின் கலைப்பள்ளிக்கும் உதவுகிறது. அங்கே மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை.

குறை என்றால் அந்த நெருக்கம்தான். உச்சியில் மாட்டிய படங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் நுணுக்கம் பிடிபடாது. இது இன்று நேற்று எழுந்த குறையும் அல்ல: தம் படங்களை மாட்டும் உயரம் குறித்து அகாடமியோடு பிணங்கிய ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ, 1784-இல் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர், பிறகு அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. பக்கத்துப் படத்தின் நிறம் நம் படத்தை அமுக்கிவிடுவதும் உண்டு. 1832-இல் ஓவியர் கான்ஸ்டபிளின் செந்நிறம் மின்னும் வாட்டர்லூ பாலக் காட்சிக்கு அருகே, இன்னொரு புகழ்பெற்ற ஆங்கில ஓவியரான டர்னரின் சாம்பல் நிறக் கடல் ஓவியம் மாட்டப்பட்டபோது, டர்னர் தம் படத்தில் ஒரு சிவப்புத் தீற்றலை வைத்துவிட்டுப் போய், பின்னர் அதையே கடலில் மிதக்கும் மிதவையாக்கினார். அந்தப் போட்டி இன்றைய சுவர்களிலும் தொடர்கிறது. எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

ஒரே கலைஞரை ஆழ்ந்து அறிய விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. கட்டடக்கலை மாதிரிகள் உள்ள அறையையும் ஆர்வம் இல்லாதவர்கள் விரைவாகக் கடந்துவிடலாம். வார இறுதியில் கூட்டம் மிகும் என்பதால் வேலை நாளின் காலைப் பொழுதே உகந்தது. கண்காட்சிக்குக் கட்டணம் உண்டென்றாலும், அதே வளாகத்தில் உள்ள அகாடமியின் நிரந்தரச் சேகரிப்பை இலவசமாகவே பார்க்கலாம். மைக்கலாஞ்சலோ செதுக்கி முடிக்காமல் விட்ட வட்டவடிவப் பளிங்குச் சிற்பம் அந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது.