வாடகை வருகிறது என்று சொல்லி விற்கும் வீட்டை வாங்கும் முன் ஒத்தியை விசாரித்துவிடுங்கள்

திருநெல்வேலியில் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர், மகாராஜநகர் பக்கம் ரெண்டு போர்ஷன், மூணு போர்ஷன் உள்ள வீடாகப் பார்த்து வாங்கிப் போட்டு வாடகை வாங்கலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்த வீட்டைத்தான் வாங்கினேன். இப்போது அதில் குடியிருப்பவருக்கு ஒத்திப் பணம், அதாவது வாடகைக்குப் பதிலாக அவர் மொத்தமாகக் கொடுத்து வைத்த பணம், ஆறு லட்சத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்று வக்கீல் நோட்டீசும் பதிலுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றவர் பெயரையும் தெருவையும் சொல்லப் போவதில்லை, எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. விலை 36 லட்சம். கீழே 8,500, மாடியில் 6,500, ஆக மாசம் 15,000 கைக்கு வருகிறது என்றார் புரோக்கர். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், கமிஷன், எழுத்துக்கூலி எல்லாம் சேர்த்தால் அடக்கம் 40 லட்சத்தை ஒட்டி வரும். வருஷத்துக்கு 1,80,000 வாடகை என்றால் நாலரை சதவீதம்தான். பேங்க் டெபாசிட்டே இதைவிடக் கூடுதலாகத் தரும். ஆனால் பாளையங்கோட்டையில் மெடிக்கல் காலேஜும் மற்ற காலேஜ்களும் இருக்கிற வரைக்கும் வீடு காலியாகக் கிடக்காது, இடத்தின் விலையும் ஏறும் என்பதுதான் என்னுடைய கணக்கு. அந்தக் கணக்கில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்ன வாடகைதான் பொய்.

பத்திரம் முடிந்து அடுத்த மாசம் வாடகை விஷயமாகக் கீழ்வீட்டுக்குப் போனால், அந்த அம்மா முழித்துக்கொண்டு நிற்கிறார். "வாடகையா? நாங்க ஒத்திக்குல்லா இருக்கோம் அண்ணாச்சி." உள்ளே போய் ஒரு முத்திரைத்தாளை எடுத்து வந்தார். ஆறு லட்சம் ரூபாய், மூணு வருஷம், வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டி கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கொடுக்க வேண்டும். விற்றவருடைய கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. சென்னைப் பக்கம் இதையே லீஸ் என்பார்கள். நம்ம ஊரில் மகள் கல்யாணத்துக்கோ கடனை அடைக்கவோ மொத்தமாகப் பணம் வேண்டும் என்றால் வீட்டை ஒத்திக்கு விடுவது புதிதல்ல, அதில் தப்பும் இல்லை. தப்பு, அதை மறைத்து வாடகை வீடு என்று விற்றது.

எப்படி மறைத்தார்கள் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. வீடு பார்க்கப் போன அன்று கீழ்வீட்டில் ஆள் இல்லை. "திருச்செந்தூர் போயிருக்காங்க, சாவி எங்கிட்டதான் இருக்கு, வாங்க பாத்துருவோம்" என்று புரோக்கரே திறந்து காட்டினார். பிறகு பேங்க் இன்ஜினீயர் மதிப்புப் போட வந்தபோது அவர்கள் வீட்டில் இருந்தார்கள், பேசத்தான் விடவில்லை. வீட்டுக்காரர் லோன் வாங்குகிறார், அதற்காக ஆள் வந்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். வீடு விற்பனைக்கு வந்ததே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. எனக்குக் காட்டியது 11 மாச வாடகை ஒப்பந்தம், குடியிருப்பவரின் கையெழுத்தோடு, போலி அல்ல. கேஸ் கனெக்‌ஷனுக்கு முகவரி ஆதாரம் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதற்காக முன்பு எழுதிக் கொடுத்த தாள் அது! மாடி வாடகை நிஜம், அதனால் அதைத் தாராளமாக விசாரிக்கவிட்டார்கள்.

லீகல் ஒப்பீனியன் கொடுத்த வக்கீலைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருப்பது காகிதம்தான். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்த ஒத்தி, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு விசாரித்தேன். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 59-ன்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள, ஒத்தி மாதிரியான அடமானம் பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். அப்படியென்றால் அந்தத் தாள் செல்லாது, காலி பண்ணு என்று சொல்லிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். முடியாது. அதே சட்டத்தின் பிரிவு 3, ஒரு சொத்தில் யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை உண்டோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறது. தெரியாது என்று நாம் சொல்வது எடுபடாது. குடியிருப்பவரை வெளியேற்றுவது என்றால் கோர்ட் வழியாகத்தான், அதற்கு எத்தனை வருஷமோ. அதுவும் போக, பீடிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிட்டு இருக்கும் குடும்பத்தைத் தெருவில் தள்ளுவதற்காக நான் வீடு வாங்கவில்லை.

விற்றவருக்குப் போன் போட்டால் முதலில் "தந்துருதேன் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்றார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. புரோக்கர் சொன்னதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்: "அத வீட்டுக்காரரு முடிச்சுக் குடுத்துருவாருன்னு நெனச்சேன்." ஆக அவருக்கு முன்பே தெரியும், ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கியாயிற்று. காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்றார்கள். இப்போது கையில் இருக்கும் பிடி கிரயப் பத்திரம்தான். எந்த வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதும் தெரியவந்தால் விற்பவரே சொந்தச் செலவில் தீர்த்துத் தருவார் என்ற வழக்கமான வரி அதில் இருக்கிறது, அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55-ம் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டியது விற்பவர் கடமை என்கிறது. முழுத் தொகையையும் பேங்க் வழியாகவே கொடுத்து, கொடுத்த தொகைக்கே பத்திரமும் போட்டிருந்தேன். பாதி கறுப்பாகக் கொடுத்திருந்தால் இந்த நோட்டீசைக்கூடத் தைரியமாக அனுப்பியிருக்க முடியாது. விற்றவரிடமிருந்து இதுவரை ஒரு பகுதி வந்திருக்கிறது, மிச்சம் வந்தபாடில்லை. அதுவரை மாடி வாடகை மட்டும்தான், வருஷத்துக்கு 78,000. போட்ட பணத்துக்கு ரெண்டு சதவீதம்கூட இல்லை.

நீங்கள் வாங்கப் போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு போர்ஷனிலும் இருப்பவரிடம் நேராக, விற்பவரோ புரோக்கரோ பக்கத்தில் இல்லாதபோது, "வாடகைக்கா ஒத்திக்கா" என்று கேளுங்கள். சாயங்காலமாகத் தனியாகப் போனால் போதும், எதிர்வீட்டு ஆச்சியே பாதி சொல்லிவிடுவார். ஆறு மாச வாடகை வந்த பேங்க் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், வாடகை நோட்டை யாரும் உட்கார்ந்து எழுதிவிடலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, ஆனால் கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். ஒத்தி இருக்கிறது என்று தெரிந்தால் ஓட வேண்டியதில்லை, அந்தத் தொகையை விலையில் கழித்து, குடியிருப்பவர் முன்னிலையில் எழுதி, கிரயப் பத்திரத்திலேயே அதைச் சேர்த்து, முடிந்தால் அவரையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து வாங்கலாம். மாநகராட்சி வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு யார் பெயரில், மாடிக்கு பிளான் அப்ரூவல் உண்டா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, இதெல்லாம் வழக்கமாகப் பார்க்கிறதுதான்.

ஒத்திக்கு வீடு எடுக்கிறவர்களும் செலவைப் பார்க்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த அம்மா பதிந்திருந்தால் எனக்கு வில்லங்கத்திலேயே தெரிந்திருக்கும், அவருக்கும் வீட்டை விற்றவர் பின்னாலும் என் பின்னாலும் ஒரே நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.