உப்புக்காற்றில் மூன்று வருஷம் ஓட்டிய பேட்டரி மெஷின்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், கடலிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளி எங்கள் வீடு. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பைக், பழைய கார், அப்புறம் மச்சானுடைய வல்லத்துக்கு (நாட்டுப்படகு) தேவைப்படும் தட்டுமுட்டுச் சாமான்கள். கொட்டகையில் பிளக் பாயின்ட் கிடையாது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் வாசல் கதவைச் சாத்த முடியாது, மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளில் அதுவும் இல்லை. ட்ரில், கிரைண்டர் என்று பேட்டரியில் ஓடும் மெஷின் பக்கம் நான் போனதற்கு இவ்வளவுதான் காரணம். இந்த மூன்று வருஷத்தில் எது நின்றது, எது போனது என்பதை எழுதுகிறேன். இந்தக் கரையில் இருப்பவர்கள் மதுரைக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ சொல்வதைக் கேட்டு வாங்கினால் சரிவராது, இங்கே காற்றே வேறு.

முதலில் வாங்கியது ஆன்லைனில் வந்த ஒரு ட்ரில் செட். 21 வோல்ட், இரண்டு பேட்டரி, ஒரு பெட்டி நிறைய பிட். மரத்தில் நன்றாகவே ஓடியது. ஐப்பசியில் மழை பிடித்து, வாடைக்காற்றும் ஈரமுமாக இரண்டு மாதம் போனது. மார்கழியில் எடுத்துப் பார்த்தால் பேட்டரி செருகும் இடத்துப் பித்தளைத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. சுவிட்சை அமுக்கினால் ஒரு தடவை ஓடும், மறு தடவை ஓடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இன்னும் நாலு மாதம் ஓட்டினேன், அதற்குள் சார்ஜர் போய்விட்டது. அந்தச் சார்ஜர் தனியாக எங்கேயும் கிடைக்கவில்லை, விற்றவர் கடையே அந்தத் தளத்தில் இல்லை. மோட்டார் நன்றாக இருந்தும் மொத்தச் செட்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.

உப்புக்காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, அதற்குக் காரணம் துரு. தூக்குப்பாலத்து இரும்பையே தின்கிற காற்று, அரை விரல் அகலத் தகட்டை விடுமா? ஆனால் ட்ரில் வாங்கும்போது நாம் யாருமே அதை நினைப்பதில்லை. எத்தனை வோல்ட், எத்தனை பிட் என்றுதான் பார்க்கிறோம்.

வோல்ட் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பது அங்கேதான். இந்த பேட்டரிக்குள் இருப்பது டார்ச் செல் மாதிரி உருண்டை லித்தியம் செல்கள். ஒரு செல்லுக்குக் கணக்கு 3.6 வோல்ட், முழுசாகச் சார்ஜ் ஏறிய நேரத்தில் 4.2. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லைத்தான் ஒரு கம்பெனி 20 வோல்ட் மேக்ஸ் என்கிறது, இன்னொன்று 21 வோல்ட் என்கிறது. மூன்றும் ஒன்றே. 12 வோல்ட் என்று வருவது மூன்று செல். இது தெரிந்துவிட்டால் 48விஎஃப், 88விஎஃப், 98விஎஃப் என்று பெரிய எழுத்தில் அச்சடித்து வரும் பேட்டரிகளைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். நான் ஒன்று வாங்கினேன், நல்ல மெஷினுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது, விலை கம்பெனி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. சார்ஜ் ஏற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 20.6 காட்டியது. ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். பத்து செல் வைக்கும் இடத்தில் ஐந்துதான் இருந்தது, மீதிக்கு வெறும் பிளாஸ்டிக் குழாய். சூட்டைப் பார்க்கும் சென்சார் இல்லை. அதை மாட்டி கிரைண்டர் ஓட்டினால் கையில் பிடிக்க முடியாத சூடு. லித்தியம் தீப்பிடித்தால் லேசில் அணையாது, கொட்டகையில் பெட்ரோல் டேங்கோடு பைக் நிற்கிறது, பக்கத்துக் குடிசைக்குக் கீற்றுக்கூரை. அன்றைக்கே அதை ஒதுக்கிவிட்டேன். காசு மிச்சம் என்று யாரும் அதை வாங்காதீர்கள், தயவுசெய்து.

இரண்டாவது சுற்றில் யோசித்து வாங்கினேன். ராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை, அங்கே கவுண்டரில் இருந்த தம்பியிடம், "எந்த மெஷின் பவர் ஜாஸ்தி?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "அண்ணே, மெஷினை விடுங்க. எந்த பேட்டரியோட இருக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. சார்ஜர் போனா நாளைக்கே என்னால எடுத்துத் தர முடியுமா, அதைக் கேளுங்க." அந்த ஒரு பேச்சுக்காகவே அந்தக் கடையில் வாங்கினேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று போகப் போகத்தான் தெரிந்தது. ஒரு மெஷினின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. ஒரு கம்பெனியில் இரண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் வந்துவிட்டால் அடுத்தடுத்த சாமானை பாடி மட்டும் வாங்கிக்கொள்ளலாம், விலை வெகுவாகக் குறையும். ஆளுக்கொரு கம்பெனியில் ஒவ்வொன்றாக வாங்கினால் நாலு சார்ஜர், நாலு விதமான பேட்டரி என்று ஆகிவிடும். ஒரே கம்பெனிக்குள்ளேயும் பார்க்க வேண்டும். பாஷில் நீல வரிசை, பச்சை வரிசை என்று இரண்டு உண்டு, 18 வோல்ட்டில் ஒன்றின் பேட்டரி மற்றதில் சேராது.

வீட்டு வேலைக்கு பாஷ் ஜிஎஸ்ஆர் 120, அந்த 12 வோல்ட் ட்ரில். சின்னது, ஒரு கையில் அடங்கும், பிட்டைப் பிடிக்கும் சக் 10 மில்லிமீட்டர், முறுக்கு 30 நியூட்டன் மீட்டர். கதவு கீல், ஜன்னல் கொக்கி, தகரக்கூரைக்கு ஸ்க்ரூ, மேசை நாற்காலி என்று வீட்டில் வரும் வேலையில் பத்துக்கு எட்டை இது முடித்துவிடுகிறது. என் மனைவி இதைத்தான் எடுக்கிறாள், கனமான 18 வோல்ட்டைத் தொடுவதில்லை. ஏணியில் நின்று தலைக்கு மேல் பிடித்து வேலை செய்யும்போது அந்தக் கனக் குறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று தோள்பட்டைக்குத் தெரியும். ஆனால் இதில் ஹேமர், அதாவது அடித்துக்கொண்டே துளைக்கும் வசதி, கிடையாது. செங்கல் சுவரே சிரமம், கான்கிரீட்டுக்கு இதைக் கொண்டு போக வேண்டாம்.

எங்கள் தாத்தா வீடு பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தில் பார்த்திருப்பீர்களே, அதே கல். இப்போது கடலிலிருந்து அதை எடுக்கத் தடை, அதனால் உடைந்தால் உடைந்ததுதான், மாற்றுக்கல் கிடையாது. அந்தச் சுவரில் ஹேமர் போட்டால் பொலபொலவென்று கொட்டும். 12 வோல்ட்டை மெதுவாக, ஹேமர் இல்லாமல் விட்டுத் துளை போட்டால் அழகாக இறங்குகிறது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

கொட்டகைக்கு மக்கீட்டா கம்பெனியின் 18 வோல்ட். இந்த எல்எக்ஸ்டி வரிசை 2005இல் வந்தது, இன்றைக்கும் அதே பேட்டரியில் புதுச் சாமான் வந்துகொண்டிருக்கிறது. நான் இதை எடுக்க அதுதான் முதல் காரணம். ட்ரில்லில் பிரஷ்லெஸ் மோட்டார் எடுத்தேன். கார்பன் உரசுகிற பழைய மோட்டாரில் கார்பன் தேயும், பொறி பறக்கும், நம் ஊர் ஈரத்தில் அது உரசும் இடத்திலும் உப்பு படியும். பிரஷ்லெஸ்ஸில் அந்தச் சமாச்சாரமே இல்லை. விலை கூடுதல்தான், இங்கே அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். ஹேமர் வைத்து செங்கல் சுவரில் 8 மில்லிமீட்டர் துளை சுலபமாக இறங்குகிறது. தூண், பீம், லிண்டல் என்றால் எஸ்டிஎஸ் வகை ரோட்டரி ஹேமர் வேண்டும், வருஷத்துக்கு நாலு துளைக்கு அதை வாங்காமல் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நட்டு போல்ட்டை அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கியதுதான் மூன்று வருஷத்தில் நான் செய்த நல்ல காரியம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். மச்சானின் வல்லத்துக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் ஆட்கள் கையில் இருக்கும் நேரம் அதுதான் என்று அவரும் அப்போதே வல்லத்தைக் கரையேற்றுவார். எஞ்சின் பெட் போல்ட் துருவில் இறுகிப்போய், ஸ்பேனரில் பைப்பைச் செருகி இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விட்டுக் காலையில் ரெஞ்ச்சை வைத்தால் தடதடவென்று அடித்துக் கழற்றிவிடுகிறது. இதற்குக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் மட்டும்தான் போட வேண்டும், பளபளப்பாக இருக்கும் சாதா சாக்கெட் அடி தாங்காமல் தெறித்து உடையும். கார் சக்கர நட்டைக் கழற்ற இதை எடுக்கிறேன், இறுக்குவதற்கு எடுப்பதில்லை. சின்னக் காருக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், இது அதைப்போல மூன்று மடங்கு கொடுக்கும், நட்டு ஏறும் ஸ்டட் நீண்டுவிடும்.

கிரைண்டரைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நாலு இஞ்ச் பேட்டரி கிரைண்டர் வாங்கினேன், ஆனால் உங்களுக்குப் பிளக் பாயின்ட் இருந்தால் வாங்க வேண்டாம். 18 வோல்ட் 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. ஐந்நூறு வாட் இழுக்கும் வேலையை விடாமல் கொடுத்தால் பத்துப் பதினோரு நிமிஷத்தில் காலி. நங்கூரக் கம்பி ஒன்று, கேட் தாழ்ப்பாள் ஒன்று என்று அறுப்பதற்குச் சரி, நாள் முழுக்க வெல்டிங் பட்டறை வேலைக்கு இது ஆகாது. 2 ஆம்பியர்-மணி பேட்டரியை இதில் மாட்டவே மாட்டாதீர்கள், அந்த ஐந்து செல்லும் திணறும்.

அப்புறம் டிஸ்க். கட்டிங் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாதமும் வருஷமும் அடித்திருக்கும், அது காலாவதி தேதி. பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து மூன்று வருஷம். துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் ஈரத்தில் பலம் இழக்கும், நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய டிஸ்க்கை ஆணியில் தொங்கவிட்டிருப்பதை எத்தனை பட்டறையில் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து இஞ்ச் டிஸ்க் போடுகிறார்கள், மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆசாரி அண்ணன் ஒருவருக்கு அந்தப் பிளேடு எகிறி இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது, அதற்குப் பிறகு அவர் உளி பிடிக்கவில்லை. கார்டோடு, கண்ணாடியோடு, சரியான அளவு டிஸ்க்கோடு வேலை செய்யுங்கள். வீட்டில் காத்திருக்கிறவர்களுக்காகவாவது செய்யுங்கள்.

வேலியோரச் சீமைக்கருவேலம் கழிக்க சின்னச் செயின் ரம்பம் ஒன்றும் உண்டு. மணிக்கட்டு கனம் உள்ள கிளை வரை நன்றாக வெட்டுகிறது. முள் கிழிக்காமல் எட்ட நின்று வெட்டலாம் என்பதே பெரிய நிம்மதி.

துபாய், சவூதியில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி மெஷின் வாங்கி வரும் பழக்கம் கீழக்கரையிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் உண்டு. சொல்லிவிடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். தனி பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போட முடியாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், 100 வாட்-மணிக்கு மேலே போனால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். என் அக்கா மகன் பெட்டியில் போட்டு ஏர்போர்ட்டிலேயே இரண்டு பேட்டரியைப் பறிகொடுத்தான். சார்ஜரின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் போய்விடும். இங்கே வாரன்டி கேட்டாலும் பில் இங்கேயுள்ளதா என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் மதுரை, 150 கிலோமீட்டர் பக்கம். உள்ளூர்க் கடைக்காரர் மெஷினை வாங்கி பார்சலில் அனுப்பி எடுத்துத் தருகிறாரா என்று கேட்டு வாங்கினால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

பராமரிப்பில் நான் செய்வது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்கிறேன். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். மெஷினில் மாட்டியபடியே விட்டால் தகடுகள் சேரும் இடத்தில் உப்பீரம் தங்கி, கரண்ட்டும் இருப்பதால் அரிப்பு வேகமாக நடக்கும். காய்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒரு தடவை கான்டாக்ட் கிளீனர் தெளிப்பேன். கொட்டகையில் எதையும் வைப்பதில்லை. ரப்பர் விளிம்பு வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதில் மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பைகளைச் சேர்த்துப் போட்டு வீட்டுக்குள் வைக்கிறேன். பிட்டுகளுக்கு மெல்லிசாக எஞ்சின் ஆயில். வைகாசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் மணல் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும், அப்போது கிரைண்டரை மணல் தரையில் வைக்கவே கூடாது, காற்று இழுக்கும் ஓட்டை வழியாக மோட்டாருக்குள் போய்விடும்.

பேட்டரியை மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுசாக ஏற்றி வெயில் அடிக்கும் இடத்தில் வைப்பதும், சுத்தமாகக் காலியாக்கி மறந்துவிடுவதும் இரண்டுமே செல்லுக்குக் கெடுதல். கார் டிக்கியில் சித்திரை வெயிலில் விட்டுவிட்டு வந்து உடனே சார்ஜரில் மாட்டினால் விளக்கு மின்னிக்கொண்டு ஏறாமல் நிற்கும், பழுது என்று நினைக்க வேண்டாம், சூடு ஆறட்டும் என்று சார்ஜரே காத்திருக்கிறது.

மழைக்காலம் தாண்டியும் இரண்டு கம்பெனி பேட்டரியும் தகட்டில் பச்சை இல்லாமல் இருக்கின்றன. ட்ரில் சக்கில் மட்டும் லேசாகத் துரு, அது எண்ணெயில் அடங்கிவிடுகிறது. அடுத்து இதே 18 வோல்ட்டில் காற்றடிக்கும் பம்ப் பாடி மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், கடைத் தம்பி அடுத்த வாரம் வரும் என்றார். ஒரு வாடைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதுகிறேன்.