ரஞ்சித், ராங்கி ராம், மானுவேல்: யாருடைய பகிடி இன்னும் தாங்கும்?

எண்பதுகளின் நடுவில், கொழும்பு வெள்ளவத்தையில் மாமா வீட்டு முன்னறையில்தான் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரை முதலில் பார்த்தேன். தலைப்பாகை கட்டிய ரஞ்சித் சிங் கைகூப்பிக் குனிந்து “ஆயிரம் மன்னிப்பு” என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார். “உவர் எங்கட கம்பளை ஆள், தெரியுமோ?” என்று தவறாமல் சேர்த்துக்கொள்வார். அது உண்மைதான். ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் கம்பளையில் பிறந்தவர். லண்டன் தொலைக்காட்சியில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார் என்ற பெருமையில், அவரை என்ன செய்யவைக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நான் லண்டனுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். அன்றுதான் உறைத்தது: இது ரஞ்சித்தின் நாற்காலி.

போன குளிர்காலத்தில் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். முக்கியமாக மூன்று: ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’, ‘இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்’, ‘ஃபால்டி டவர்ஸ்’. மூன்றுமே எழுபதுகளில் வந்தவை. மூன்றிலும் வெள்ளையரல்லாத அல்லது ஆங்கிலேயரல்லாத ஒருவரின் உச்சரிப்பை வைத்துப் பகிடி உண்டு. ஆனால் மூன்றும் ஒரே கணக்கில் வராது. எது நன்றாக எழுதப்பட்டது, எதை இன்று உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எனக்குக் கிடைத்த விடைகள் முரண்டு பிடிக்கின்றன.

முதலில் மாமாவின் தொடர். 1977 டிசம்பரிலிருந்து 1979 வரை லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி தயாரித்த 29 பகுதிகள். எழுதியவர் வின்ஸ் பவல். ஜெரமி பிரவுன் என்ற இளம் ஆசிரியரிடம் வெளிநாட்டவர் ஒரு வகுப்பாக ஆங்கிலம் கற்க வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பகிடிதான், கூப்பன் கடையில் அளந்து கொடுத்த மாதிரி. ஜப்பானியரான டாரோ சொல்லுக்குச் சொல் கடைசியில் ‘ஓ’ ஒட்டுவார். சீனப் பெண் சூ லீ மாவோவின் மேற்கோள்களோடு வருவார். பிரெஞ்சுப் பெண் டானியேல் அழகாக இருப்பார், அவருக்கு அவ்வளவுதான் வேலை. ஜமீலா பின்னல் வேலையோடு உட்கார்ந்திருப்பார். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்பது பாகிஸ்தான்காரர் அலியின் வாயில் ‘ஸ்குவீஸ் மீ’ ஆகிவிடும். சீக்கியரான ரஞ்சித்தும் முஸ்லிமான அலியும் மதத்தைச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள். நிற்கும் இருவரும் பேசுகிற உடைந்த ஆங்கிலம் மட்டும் அச்சு அசல் ஒன்றே.

எனக்கு இன்று எரிச்சல் தருவது உச்சரிப்பு அல்ல. இவர்கள் எதுவும் கற்றுக்கொள்வதே இல்லை என்பதுதான். முதல் வாரம் செய்த பிழையை இருபத்தொன்பதாவது பகுதியிலும் செய்கிறார்கள். தொடர் நகைச்சுவையின் தொழில்நுட்பம் அது, ஒவ்வொரு வாரமும் ஆட்டம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த விதியைப் பூட்டினால், வந்தவர்கள் அனைவரும் மந்தபுத்திக்காரர் என்றாகிவிடுகிறது.

உண்மை வகுப்பு எப்படியிருந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஆசிரியை ஒருநாள் பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். ஒன்று தோளில் மாட்டும் பை, மற்றது பொதி கட்டுவது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னார். எனக்கு முடியவில்லை. இதோ, இப்போது தமிழில் எழுதப்போனாலும் முடியவில்லை: இரண்டுமே ‘பேக்’தான். நமக்கு ஒரே ‘ப’ போதும், அவர்களுக்குப் போதாது. பக்கத்திலிருந்த சோமாலியருக்குப் பையின் ‘ப’ பிரச்சினையே இல்லை, அவருக்குப் பொதியின் ‘ப’ உதட்டில் நிற்காது. ஆக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இன்னொரு நாள் இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போடவா என்று மனதில் தமிழில் எழுந்ததை அப்படியே “புட் த லைட்?” என்று கேட்டுவிட்டேன். “வேர்?” என்றார் ஆசிரியை. எங்கே போட வேண்டும் என்று! வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து. அது நல்ல பகிடி, ஏனென்றால் அடுத்த வாரம் அந்தப் பிழை என்னிடம் இல்லை. ஒருவன் ஒரு மொழிக்குள் நுழைகிற வாசலில் ஆயிரம் பகிடி கிடக்கிறது. பவல் ஒன்றைக்கூடக் குனிந்து பொறுக்கவில்லை. அவர் எழுதியது, வாசலுக்கு உள்ளே இருக்கிறவனுக்குத் தூரத்தில் கேட்கிற சத்தத்தை.

சரி, இந்தத் தொடரின் நல்ல பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். யார் யாராக நடித்தார்கள் என்று பாருங்கள். ரஞ்சித் இலங்கையர். அலியாக வந்த டீனோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஜமீலா மாஸி சிம்லா. சூ லீயாக நடித்த பிக் சென் லிம் பினாங்குக்காரர். கிரேக்கராக வந்தவர் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர், ஸ்பானியர் ஜிப்ரால்டர்காரர், பிரெஞ்சுப் பெண் மொரிஷியஸ்காரர். பாதிப்பேர் அடுத்த வீட்டுக்காரனின் உச்சரிப்பைத் தாங்களே கட்டியமைத்துப் பேசினார்கள். அவர்களுக்கு வேறு எங்கே ஒரே தொடரில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கும்? இன்னொன்று, அந்த வகுப்பில் யாரும் யாருக்கும் வேலைக்காரர் இல்லை. ஒரே மேசை, ஒரே மதிப்பெண், ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் உரிமை. இலங்கை, மலேசியா, பாகிஸ்தான் என்று அது விற்பனையான இடங்களிலெல்லாம் ரசிக்கப்பட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எல்லோரும் பக்கத்து நாட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தோம். 1993இல் இந்தியில் ‘ஜபான் சம்பால்கே’ என்று எடுத்தபோது பங்கஜ் கபூர் ஆசிரியராகி, இந்தி கற்க வந்த வெள்ளைக்காரராக டாம் ஆல்டர் உட்கார்ந்தார். நாற்காலி திரும்பியதும் ரசிக்க எளிதாயிற்று.

அடுத்தது எழுத்தில் இதைவிடப் பல படி மேலானது. ‘இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்’, பிபிசியில் 1974 முதல் 1981 வரை 56 பகுதிகள். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதியது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம், மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் பிரிட்டிஷ் படையின் கலைக்குழு. பெர்ரி அங்கேயே அப்படியொரு குழுவில் இருந்தவர். கப்பலுக்குக் காத்திருந்தே புத்தி பேதலித்த சிப்பாய்களால், ஆங்கிலத்தில் பைத்தியத்துக்கு ‘டூலாலி’ என்றொரு சொல்லைக் கொடுத்த ஊர் அது.

குழுவின் ஏவலாள் ராங்கி ராம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சேவகம் செய்துகொண்டே தன்னை “நாங்கள் பிரிட்டிஷார்” என்று சொல்லிக்கொள்வார். பங்கா இழுப்பவரையும் தேநீர்க்காரரையும் அதட்டுவார். பகுதியின் முடிவில் நம்மைப் பார்த்து ஒரு பழைய இந்துப் பழமொழி சொல்வார். சாம்ராஜ்யம் தன் சேவகர்களின் மண்டைக்குள் எப்படிக் குடிபுகுந்தது என்பதை, நான் பார்த்த எந்தப் பிரிட்டிஷ் நகைச்சுவையும் இவ்வளவு கூர்மையாகக் காட்டவில்லை. கொழும்பு அலுவலகங்களில் ராங்கி ராம்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள்நிமிர்வு உடனே பிடிபடும். தவிர, கோமாளிகளாக வருகிறவர்களில் பெரிய கோமாளிகள் வெள்ளை அதிகாரிகள்தான்.

ஆனால் ராங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ். முகத்தில் பழுப்புச் சாயம்.

பேட்ஸுக்காக வாதாட நிறைய உண்டு. ஜான்சியில் பிறந்தவர், உருது பேசுவார், பர்மாவில் கூர்க்காப் படையில் இருந்தவர். அவர் 1978இல் இறந்தபோது அந்தப் பாத்திரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தும், அருகாமைக் காட்சி ஒன்றில் என்னால் தொடர முடியவில்லை. கழுத்துக்குக் கீழே சாயம் எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. அதே சட்டகத்தில் தேநீர்க்காரராக நிற்பவர் யார் தெரியுமா? டீனோ ஷஃபீக். அலியேதான். நிஜமான நடிகர் இரண்டடி தள்ளித் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்க, முக்கிய வசனம் சாயம் பூசியவருக்குப் போகிறது. அதற்குமேல் எழுத்தின் கூர்மை எனக்கு உதவவில்லை.

இதில் ஓர் ஓரக்குறிப்பு. 1969இல் ‘கறி அண்ட் சிப்ஸ்’ என்ற தொடரில் பாதி ஐரிஷ், பாதி பாகிஸ்தானியாகச் சாயம் பூசி வந்த ஸ்பைக் மில்லிகனும் இந்தியாவில் பிறந்தவர்தான், அகமத்நகரில். பிறந்த ஊரே சாயம் பூச அனுமதிச்சீட்டு என்று அந்தத் தலைமுறை நினைத்தது போலிருக்கிறது.

மூன்றாவது ‘ஃபால்டி டவர்ஸ்’. 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 பகுதிகள்தான். பார்சிலோனாவிலிருந்து வந்த பரிசாரகர் மானுவேலுக்கு ஆங்கிலம் புரியாது, முதலாளி பேசில் அவரை அறைவார், கரண்டியால் அடிப்பார். மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் மோசம். ஆனால் பாருங்கள், மானுவேல் கற்றுக்கொள்ள முயல்கிறார். பாடப்புத்தக ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து பேசிப் பார்க்கிறார். முட்டாள் அவரல்ல, கத்திச் சொன்னால் புரிந்துவிடும் என்று நம்புகிற பேசில்தான். “அவன் பார்சிலோனாக்காரன்” என்று விருந்தினரிடம் பேசில் சொல்லும்போது சிரிப்பு பேசில் மேல் விழுகிறது. மானுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பிவந்த சிறுவன். புதிய மொழியில் திகைத்து நிற்கும் முகத்தை அவர் எங்கிருந்தும் கடன்வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் இந்தத் தொடரை ஒளிபரப்பியபோது மானுவேலை இத்தாலியர் ஆக்கிவிட்டார்கள். நமக்கு வலிக்காத வரைக்கும் பகிடி, அது எல்லா ஊரிலும்தான்.

இந்தத் தொடரின் ஒரு பகுதியை 2020 ஜூனில் யுகேடிவி தன் இணையத் தளத்திலிருந்து இறக்கியது, பிறகு எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப ஏற்றியது. பிரச்சினை மானுவேல் அல்ல, அதில் வரும் கிழட்டு மேஜர். இந்திய அணியின் ஆட்டம் பார்க்க ஒரு பெண்ணை ஓவலுக்கு அழைத்துப்போன கதையைச் சொல்கிறார். அந்தப் பெண் இந்தியரைக் குறித்து ஓர் இழிசொல் சொன்னாளாம், இவர் திருத்தினாராம், இன்னோர் இழிசொல்லைக் கொடுத்து. பகிடியின் குறி மேஜர் என்பது தெளிவு. ஆனாலும் குறி தெளிவாக இருந்தால் அடி சரியான இடத்தில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இனவெறியனைக் கேலி செய்யவே எழுதப்பட்ட பிரிட்டிஷ் தொடர் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’. அதன் அமெரிக்க வடிவத்தைப் பார்த்தவர்களை ஆராய்ந்து 1974இல் நீல் விட்மரும் மில்டன் ரோக்கீச்சும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. முன்முடிவுகள் அதிகம் உள்ளவர்கள் அந்தக் கதாநாயகனைத் தங்கள் ஆளாகவே ரசித்தார்கள் என்று அதில் கண்டார்கள்.

எச்சரிக்கை வாசகங்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ‘அந்தக் காலத்து மனப்போக்கு’ என்று எழுதுகிறார்கள். எந்தக் காலம்? ‘கறி அண்ட் சிப்ஸ்’ 1969இலேயே ஆறு பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரைக் கண்ணியக்குறைவு என்று லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியின் மைக்கேல் கிரேட் நிறுத்தியது 1979இல், நான் அதைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பு. இன்றைய பார்வையாளருக்குத்தான் தோல் மெலிந்துவிட்டது என்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்கலாம்.

தெற்காசிய வம்சாவளிப் பிரிட்டிஷ் நடிகர்களின் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ 1998இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தபோது இதற்கெல்லாம் கணக்குத் தீர்த்தது. பம்பாயில் குடித்துவிட்டு ‘ஆங்கிலச் சாப்பாடு’ சாப்பிடக் கிளம்பும் கூட்டம், பட்டியலில் இருப்பதிலேயே மிகச் சப்பென்ற பண்டம் எது என்று கேட்கும். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றுமில்லை, சிரிக்க மட்டும் இருக்கிறது.

ஆக என் தீர்ப்பு கோணலானது. மரியாதை ‘இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்’ எழுத்துக்கு, ஆனால் பார்க்க முடியாது. ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ எழுத்தை மதிக்க முடியாது, ஆனால் யாராவது போட்டால் எழுந்து போகமாட்டேன். இரண்டும் ஒன்றாகச் சேர்வது ‘ஃபால்டி டவர்ஸ்’ ஒன்றில்தான்.

மாமா இப்போது டொராண்டோவில். கண்பார்வை மங்கினாலும் யூடியூப்பில் இன்னும் அதே வகுப்புதான். தொலைபேசியில் பேட்ஸின் சாயத்தைப் பற்றி நீளமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப எங்கட மோசஸும் சீக்கியன் இல்லைத்தானேடா?” என்றார்.

சாயம் பூசவில்லையே, யாருடைய இடத்தையும் பறிக்கவில்லையே என்று தொடங்கினேன். தொடங்கும்போதே, லண்டனில் அன்று சீக்கிய நடிகர் எவரும் அந்த வேடத்துக்குக் காத்திருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நாக்கு நின்றுவிட்டது. மறுமுனையில் கைதட்டல் சத்தம் கேட்டது. மாமா வகுப்பை ஓடவிட்டிருந்தார்.

“நில்லு நில்லு, பிறகு கதைப்பம்” என்றார். “ஜமீலா உள்ள வாறா.”