தமிழ்ப் பெயரா, ஆங்கில எழுத்தா? லினக்ஸ் ஃபைல்களுக்கு எது தோது

பத்திரம் எழுதும் கடை, ஜெராக்ஸ் கடை, பள்ளி அலுவலகம் என வேலூர்ப் பக்கம் லினக்ஸ் போட்ட கணினிகளில் ஃபைலுக்கு ஊர்ப் பெயர் வைப்பதுதான் வசதி. அதைத் தமிழிலேயே வைக்கலாம், ஆங்கில எழுத்திலும் வைக்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் என்பது அதற்கு வெறும் பைட் வரிசை. சாய்கோடும் சுழி பைட்டும் தவிர எதையும் ஏற்றுக்கொள்ளும். தொல்லையெல்லாம் அதற்கு மேலே, கமாண்டு வாங்கும் ஷெல்லிலும் திரையிலும் கீபோர்டிலும்தான்.

ஆங்கில எழுத்தில் முதல் தகராறு ஸ்பெல்லிங். குடியாத்தத்துக்கு ஒருவர் ஜி போடுவார், இன்னொருவர் கே போடுவார். திருப்பத்தூரில் டி-க்குப் பின் எச் உண்டா, பி ஒன்றா இரண்டா என்பது ஆளுக்கு ஆள் மாறும். போதாததற்கு, லினக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். பெரிய வி-யில் ஒரு வேலூரும் சின்ன வி-யில் ஒரு வேலூரும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். ஃபைல் தேடும் ஃபைண்ட் கமாண்டில் ஐநேம் கொடுத்தால் பெரிது சிறிது தீரும், எச் தீராது. 'குடியாத்தம்' என்று தமிழில் வைத்தால் இந்தக் குழப்பம் அறவே இல்லை.

தமிழுக்கு வேறு குழி இருக்கிறது. ஒகர, ஓகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக இருக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்றும் இருக்கலாம். கொணவட்டம், கொசப்பேட்டை, தொரப்பாடி, சோளிங்கர் எல்லாமே இதில் மாட்டும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டு கொடுத்தால் 'கொணவட்டம்' இரண்டு தடவை வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்று 27 பைட், மற்றது 30. எல்எஸ் தருவதை, பைட்டுகளை எட்டடிமான எண்களாகக் காட்டும் ஓடி கமாண்டுக்கு மைனஸ் பி போட்டு அனுப்பினால் குட்டு வெளிப்படும்: சேர்ந்த 'கொ' 340 256 225 340 257 212 என்று வரும், பிரிந்தது 340 256 225 340 257 206 340 256 276. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும் என்பதால், அங்கிருந்து வரும் ஃபைல்களில் இதை முதலில் பாருங்கள்.

சரிசெய்ய, ஃபைல் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் கான்வ்எம்வி கமாண்டு போதும். எஃப் (இப்போதுள்ள குறியாக்கம்), டி (வேண்டிய குறியாக்கம்) இரண்டுக்கும் யூடிஎஃப்8 என்று கொடுத்து, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்), மைனஸ் ஆர் (உள் ஃபோல்டர்களும்) சேர்த்து ஓட்டுங்கள். முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், எதையும் தொடாது. பட்டியல் சரியென்றால் நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மேலே எழுதாமல் விட்டுவிடும்; அந்த இரண்டையும் சிஎம்பி கமாண்டு கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒன்றை அழிக்க வேண்டும்.

நீளத்தில் ஆங்கில எழுத்துக்குத்தான் லாபம். 'வேலூர்' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஆறு குறி, யூடிஎஃப்-8-இல் 18 பைட். ஆங்கிலத்தில் 7 பைட்டோடு முடியும். லினக்ஸ் வட்டுகளில் வழக்கமான எக்ஸ்டி4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் உச்சம், அதாவது தமிழில் 85 குறி. விண்டோஸின் வட்டு அமைப்பான என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணுவதில்லை, 255 குறி வரை விடும். பென் டிரைவில் நன்றாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸில் காப்பி ஆகாமல் 'பெயர் மிக நீளம்' என்று பிழை காட்டுவது இதனால்தான்.

வரிசையும் பார்க்க வேண்டியது. லோகேல் (மொழி, ஊர் அமைப்பு) சி என்று இருந்தால் பைட் வரிசைதான்: ஆம்பூர், ஆற்காடு, ஆலங்காயம். யூனிகோடில் றகரம் லகரத்துக்கு முன்னால் நிற்கிறது. லோகேலைத் தமிழ்-இந்தியாவுக்கு மாற்றினால் நம் அகரவரிசைப்படி ஆற்காட்டுக்கு முன்னே ஆலங்காயம் வரும். அதே சி லோகேலில் எல்எஸ் தமிழ்ப் பெயரை 340, 256 என்று எண்களாகவும் கொட்டலாம். ஃபைல் கெடவில்லை, லோகேலைக் குறிக்கும் லாங் மாறியை சி.யூடிஎஃப்-8 ஆக்கினால் பெயர் திரும்பிவிடும்.

டைப் செய்வதில்தான் தமிழ் உண்மையில் சிரமம். கமாண்டுக்கு ஆங்கிலம், பெயருக்குத் தமிழ் என்று ஒரே வரியில் கீபோர்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும். வரைகலை இல்லாத வெறும் கன்சோலில் தமிழ் கட்டங்களாகத்தான் தெரியும். அதன் எழுத்துரு 512 உருக்களுக்கு மேல் தாங்காது. அங்கே பெயர் மாற்ற வேண்டுமானால் எல்எஸ் மைனஸ் ஐ காட்டும் ஐநோடு எண்ணை (வட்டில் ஃபைலை அடையாளம் காட்டும் எண்) ஃபைண்டின் ஐநம்-க்குக் கொடுத்து, எக்ஸெக் வழியாகப் பெயர் மாற்றும் எம்வி கமாண்டை ஓட்டலாம்.

ஸ்கிரிப்ட், இரவு பேக்கப், சர்வர் ஃபோல்டர் இவற்றுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் அடிக்கோடும் போதும். மனிதர் தேடி எடுக்கும் பட்டா நகல், மாணவர் பட்டியல் போன்றவற்றுக்குத் தமிழ்ப் பெயரே மேல், ஆனால் முன்னால் எண் சேர்த்து: 07_கொணவட்டம். 07 அடித்து டேப் தட்டினால் மீதியை ஷெல்லே நிரப்பும், கீபோர்டை மாற்றவே வேண்டாம்.