கோலாலம்பூரில் காலிபிளவர் நாற்று வாங்குகிறீர்களா? விசாரித்து வாங்குங்கள்

கேமரன் மலைக்கு ஏற்ற காலிபிளவர் நாற்றை, "கோலாலம்பூர் வெயிலிலும் பூக்கும்" என்று அடித்துச் சொல்லி விற்கிறது ஒரு செடிக்கடை. நம்பி ஒரு தட்டு வாங்கி நட்டாயிற்று. இலை முழங்கால் உயரம் வளர்ந்தது, பூ வைக்கவே இல்லை. போய்க் கேட்டால் "சத்துப் பற்றாக்குறை" என்று சொல்லி, பூ பிடிக்க வைக்கும் மருந்து என்று லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். நாற்றை விடப் பெரிய ஏமாற்று அந்தப் பாட்டில்தான்.

இங்கே குறை சத்தில் இல்லை, குளிரில். மலை ரகங்கள் இலை விடுவதை நிறுத்திப் பூ கட்டத் தொடங்க, சில வாரங்களாவது 20 டிகிரிக்குக் குறைவான குளிர் வேண்டும். கேமரன் மலையின் இரவுகளில் அது கிடைக்கிறது. கோலாலம்பூரிலோ பகலில் 32, 33 டிகிரி, இரவிலும் 24 டிகிரி அளவில்தான் நிற்கும். எந்த மருந்தை ஊற்றினாலும் இது மாறாது. தழைச்சத்து கூடினால் இன்னும் இலைதான் பெருகும்.

சமவெளியில் பூக்கும் ரகங்களும் உண்டு. வெப்பம் தாங்கும்படி தைவானிலும் இந்தியாவிலும் உருவாக்கிய குறுகிய கால ரகங்கள் 25 முதல் 30 டிகிரியிலும் பூ வைக்கும். பூ சற்றுச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் கடையில் முதலில் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். முட்டைக்கோஸ், புரோக்கோலி நாற்றுகளும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். விதைப் பொட்டலத்தில் வெப்பம் தாங்கும் ரகம் என்றும், நட்டபின் 50 முதல் 65 நாளில் அறுவடை என்றும் போட்டிருக்க வேண்டும்.

நாற்றைத் தட்டிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். நான்கைந்து இலை, வெள்ளை வேர் என்றால் வாங்கலாம். வேர் பழுப்பாகிச் சுருண்டிருந்தால் அது தட்டிலேயே முற்றிய நாற்று. நல்ல ரகமாகவே இருந்தாலும் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ வைத்து நின்றுவிடும்.

நம் மண் பெரும்பாலும் புளிப்பு. நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடியைக் கலந்து, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 6க்கு மேல் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் மாலிப்டினம் என்ற நுண்சத்து கிடைக்காமல் இலை சாட்டை போலக் குறுகும். தண்டு உள்ளே பொந்தாகிப் பூ பழுப்படித்தால் போரான் என்ற நுண்சத்து குறைவு. பூ கோழிமுட்டை அளவு வந்ததும் வெயில் படாதபடி வெளி இலைகளைப் பூவின் மேல் சேர்த்துக் கட்டுங்கள். இந்த வெயிலில் இரண்டு நாள் தள்ளினாலே பூ விரிந்துவிடும், இறுக்கமாக இருக்கும்போதே அறுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, செடியின் படம், விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மனு போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பூக்காத செடியின் இளம் இலைகளைப் பொரியல் செய்யலாம். ஆனால் அந்தப் பாட்டில் மருந்தைத் தெளித்திருந்தால் ஓர் இலையைக்கூடச் சமைக்காதீர்கள்.